'இயல்பை ஒட்டி மழை பெய்யும்' என்றால் உண்மையில் எவ்வளவு பெய்யும்? வடகிழக்கு பருவமழை கணிப்பைப் புரிந்துகொள்வது எப்படி?

செப்டம்பர் முடிந்து அக்டோபர் பிறக்கும் அந்த ஓரிரு நாட்களில் ஒவ்வொரு ஆண்டும் ஓர் அறிக்கை வரும். இந்திய வானிலை ஆய்வு மையம் வெளியிடும் வடகிழக்கு பருவமழைக் கணிப்பு. அது வந்த அரை மணி நேரத்தில் 'இந்த வருஷம் வெளுத்து வாங்கப் போகுது' என்று ஒரு வாட்ஸ்அப் ஃபார்வர்டும், 'இந்த வருஷம் மழையே கிடையாதாம்' என்று இன்னொரு ஃபார்வர்டும் கிளம்பிவிடும். இரண்டுமே அதே அறிக்கையைத்தான் ஆதாரமாகக் காட்டும் என்பதுதான் வேடிக்கை.

ஆனால் அந்த அறிக்கைக்காகக் காத்திருப்பவர்களுக்கு இது வேடிக்கை இல்லை. குறுவை நெல்லை அறுத்து ரோட்டோரம் கொட்டி வைத்திருக்கும் டெல்டா விவசாயி, வேளச்சேரியிலும் முடிச்சூரிலும் தரைத்தளத்தில் வாடகைக்கு இருப்பவர், ஏரியில் எத்தனை அடி தண்ணீர் நிறுத்துவது என்று முடிவெடுக்க வேண்டிய நீர்வளத் துறை பொறியாளர் என எல்லோரும் எதிர்பார்ப்பது மழையைத்தான். ஆனால் ஒருவருக்கு வேண்டிய மழை இன்னொருவருக்கு வேண்டாத மழை.

அப்போ அந்த அறிக்கை என்னதான் சொல்கிறது? எதைச் சொல்லவில்லை?

நம்ம ஊருக்கு மட்டும் ஏன் இந்த மழை?

ஜூன் முதல் செப்டம்பர் வரை நாடு முழுவதும் தென்மேற்கு பருவமழை பெய்யும்போது, மேற்குத் தொடர்ச்சி மலை மேகங்களை மறித்துக்கொள்கிறது. கேரளாவுக்குக் கொட்டும், நமக்குச் சாரல். அக்டோபரில் காற்று திசை மாறி, வங்கக் கடலில் இருந்து கிழக்குக் காற்று ஈரத்தை அள்ளிக்கொண்டு வரத் தொடங்கும்போதுதான் தமிழ்நாட்டின் முறை வருகிறது. வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டி இந்த மழை தொடங்கும்.

தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் கிட்டத்தட்ட பாதி, அதாவது சுமார் 48 சதவீதம், அக்டோபர், நவம்பர், டிசம்பர் ஆகிய இந்த மூன்று மாதங்களில்தான் கிடைக்கிறது. மாநில சராசரி சுமார் 44 செ.மீ. சென்னைக்கு இது 78 செ.மீ. அளவுக்குப் போகும்.

பள்ளிக்கூடத்தில் படித்த ஆறு பெரும்பொழுதுகள் ஞாபகம் இருக்கிறதா? கார்காலம் ஆவணி, புரட்டாசி. கூதிர்காலம் ஐப்பசி, கார்த்திகை. கடலோரத் தமிழ்நாட்டுக்கு அடைமழை என்னவோ 'கார்' என்று பெயர் வைத்த மாதங்களில் வருவதில்லை, கூதிரில்தான் வருகிறது. வானிலை ஆய்வு மையத்தின் கணக்கோ வேறு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை 'பருவமழைக்குப் பிந்தைய காலம்', ஜனவரி, பிப்ரவரி மட்டுமே 'குளிர்காலம்'. டெல்லிக்குப் பொருந்தும் பெயர், நமக்கு அவ்வளவாகப் பொருந்தாது. இந்தக் கணக்கால் ஒரு சிக்கலும் இருக்கிறது, அதைக் கடைசியில் பார்ப்போம்.

'இயல்பு' என்பது ஒரு எண் அல்ல

முதலில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த அறிக்கையின் தலைப்புச் செய்தியாக வரும் கணிப்பு தமிழ்நாட்டுக்கு மட்டுமானது அல்ல. தமிழ்நாடு-புதுச்சேரி-காரைக்கால், கேரளா, கடலோர ஆந்திரா, ராயலசீமா, தெற்கு உள் கர்நாடகா ஆகிய ஐந்து பகுதிகளையும் சேர்த்து 'தென் தீபகற்பம்' என்று ஒரே மூட்டையாகக் கட்டிச் சொல்லப்படுவது. இந்த ஐந்துக்கும் சேர்த்த நீண்டகால சராசரி சுமார் 334 மி.மீ. இதில் 88 முதல் 112 சதவீதம் வரை பெய்தால் 'இயல்பு', 112-ஐத் தாண்டினால் 'இயல்பைவிட அதிகம்'.

ஆக, நெல்லூரில் கொட்டித் தீர்த்து, நாகப்பட்டினத்தில் தூறிவிட்டுப் போனாலும் கணிப்பு 'சரி' ஆகிவிடலாம். நாகப்பட்டினத்துக்காரருக்கு அதில் என்ன பயன் என்பது வேறு கேள்வி.

சீசன் முடிந்த பிறகு மாநிலத்துக்கும் மாவட்டத்துக்கும் கணக்குப் போடும்போது அளவுகோல் மாறுகிறது. சராசரியைவிட 19 சதவீதம் குறைவு முதல் 19 சதவீதம் கூடுதல் வரை எல்லாமே 'இயல்பு'தான். 44 செ.மீ. சராசரியை வைத்துப் பார்த்தால், ஏறக்குறைய 36 செ.மீ. பெய்தாலும் இயல்பு, 52 செ.மீ. பெய்தாலும் இயல்பு. நடுவில் 16 செ.மீ. வித்தியாசம். கண்மாய் நிரம்புவதற்கும் பாதியில் நிற்பதற்கும் இடையே இருக்கும் தூரம் அது.

அறிக்கையோடு ஒரு வண்ண வரைபடமும் வரும். நீலம் பார்த்தால் மழை, சிவப்பு பார்த்தால் வறட்சி என்று நாமே முடிவு செய்துகொள்கிறோம். அது மழையின் அளவைக் காட்டும் படம் அல்ல, வாய்ப்பைக் காட்டும் படம். எந்தக் கணிப்பும் இல்லாவிட்டால்கூட அதிகம், இயல்பு, குறைவு என்ற மூன்றுக்கும் தலா 33 சதவீத வாய்ப்பு உண்டு. ஓர் இடத்தில் 'அதிகம்' என்பதற்கு 45 சதவீதம் என்று போட்டிருந்தால், அதிகமாகப் பெய்யாமல் போவதற்கு 55 சதவீத வாய்ப்பு மிச்சம் இருக்கிறது. செய்திகளில் இந்தப் பாதி பெரும்பாலும் விடுபட்டுப் போகும். ஆமாம், டிவி செய்திகளையும் சேர்த்துத்தான்.

எல் நினோ வந்தால் மழை... லா நினா வந்தால் வறட்சியா?

பசிபிக் கடலின் நடுப்பகுதியும் கிழக்குப் பகுதியும் வழக்கத்தைவிடச் சூடானால் எல் நினோ, குளிர்ந்தால் லா நினா. நாட்டின் பெரும்பகுதிக்கு எல் நினோ என்றாலே பயம், காரணம் அது தென்மேற்கு பருவமழையைக் குறைக்கக்கூடியது. நமக்குக் கதை தலைகீழ். எல் நினோ ஆண்டுகளில் வடகிழக்கு பருவமழை சராசரியாக நன்றாகவே இருந்திருக்கிறது. 2015 வலுவான எல் நினோ ஆண்டு, சென்னை மூழ்கியதும் அந்த ஆண்டுதான். 2016 இறுதியில் லா நினா தலைகாட்டியது. மேற்கு இந்தியப் பெருங்கடல் குளிர்ந்தும் கிழக்கு சூடாகவும் இருக்கும் 'எதிர்மறை இருமுனை' நிலையும் அந்த ஆண்டு சேர்ந்துகொண்டது. தமிழ்நாட்டில் மழை 62 சதவீதம் பற்றாக்குறை. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன.

இதோடு நிறுத்தினால் சூத்திரம் கச்சிதமாக இருக்கும். ஆனால் 2020, 2021, 2022 என மூன்று ஆண்டுகளும் தொடர்ச்சியாக லா நினா. ஒன்றில்கூட தமிழ்நாட்டுக்குப் பற்றாக்குறை இல்லை. அதிலும் 2021-ல் இயல்பைவிட 59 சதவீதம் அதிகம். சென்னை நுங்கம்பாக்கத்தில் நவம்பர் ஒரே மாதத்தில் 100 செ.மீ.-ஐத் தாண்டியது.

ஏன் இப்படி? பசிபிக்கும் இந்தியப் பெருங்கடலும் மேடையை மட்டும்தான் போடுகின்றன. ஆடுவது வங்கக் கடல். நம் சீசன் மழையின் பெரும்பகுதி தொண்ணூறு நாட்களிலும் பரவலாகப் பெய்வதில்லை. விரல்விட்டு எண்ணக்கூடிய சில மழைச் சுற்றுகளில் வந்துவிடுகிறது. ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் 100 கி.மீ. வடக்கே நகர்ந்தால் சென்னையின் மழை ஆந்திராவுக்குப் போய்விடும். மாதக் கணக்கில் முன்கூட்டியே அந்த 100 கி.மீ.-ஐச் சொல்லும் கருவி இன்று எவரிடமும் இல்லை. நான்கு மாதம் நாடு முழுக்கப் பரவும் தென்மேற்கு பருவமழையைக் கணிப்பதைவிட, மூன்றே மாதத்தில் ஒரு மூலையில் பெய்யும் இந்த மழையைக் கணிப்பது கடினமாக இருப்பதற்கு இதுவே காரணம்.

4 சதவீதம் கூடுதல் என்ற பெயரில் நடந்தது

2023-ஐ எடுத்துக்கொள்வோம். சீசன் முடிவில் தமிழ்நாட்டின் கணக்கு: இயல்பைவிட 4 சதவீதம் அதிகம். காகிதத்தில் பார்த்தால் இதைவிட அமைதியான ஆண்டு இருக்க முடியாது.

அந்த 4 சதவீதத்துக்குள்தான் டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் சென்னைக்கு அருகே கடலில் நின்று நிதானமாகக் கொட்டித் தீர்த்தது. அதே 4 சதவீதத்துக்குள்தான் இரண்டு வாரம் கழித்து காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. பெய்தது. தமிழ்நாடு ஒரு முழு ஆண்டில் பெறும் சராசரி மழையே சுமார் 92 செ.மீ.தான். தாமிரபரணி கரை உடைத்துக்கொண்டு போனது. செந்தூர் எக்ஸ்பிரஸ் ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுபோனது. அதற்குப் புயல்கூடத் தேவைப்படவில்லை, குமரிக்கடல் அருகே நிலவிய ஒரு மேலடுக்குச் சுழற்சியே போதுமானதாக இருந்தது.

இதற்குப் பிறகு பெரிய அரசியல் சண்டையே நடந்தது. எச்சரிக்கை போதவில்லை என்றது மாநில அரசு, முன்கூட்டியே சொல்லப்பட்டது என்றது மத்திய அரசு. இதில் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் உண்டு. ரெட் அலர்ட் என்றால் 20 செ.மீ.-க்கு மேல் பெய்யக்கூடும் என்று அர்த்தம். மேல் என்றால் எவ்வளவு மேல்? 21 செ.மீ.-க்கும் அதே சிவப்பு, 95 செ.மீ.-க்கும் அதே சிவப்பு. அதற்கு மேல் நிறமே கிடையாது. 21 செ.மீ.-க்குத் தயாராகும் ஊரும் 95-க்குத் தயாராகும் ஊரும் ஒன்றா? முதலாவதில் மோட்டார் பம்ப்பை எடுத்து வைத்தால் போதும். இரண்டாவதில் ஊரையே காலி செய்ய வேண்டும்.

இதற்கு நேர் எதிரான உதாரணம் 2018. நவம்பர் 16-ல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயல் டெல்டாவின் தென்னந்தோப்புகளை வேரோடு சாய்த்தது. பேரழிவு ஆண்டு என்றே எல்லோர் மனதிலும் பதிந்திருக்கிறது. ஆனால் அந்த சீசனில் மாநிலத்துக்கு மழைப் பற்றாக்குறை. சென்னைக்குக் கிடைத்தது இயல்பில் பாதிகூட இல்லை. அதன் விலையை நகரம் 2019 கோடையில் கொடுத்தது. ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையில் இருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவர வேண்டியதாயிற்று. ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். புயலும் அடிக்கும், மழையும் பொய்க்கும். இரண்டும் ஒரே ஆண்டில் நடக்கும்.

ஏரியை நிரப்புவதா, காலி வைப்பதா?

பருவகால கணிப்பின் எல்லை எங்கே உறைக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் செம்பரம்பாக்கத்துக்குத்தான் போக வேண்டும். 24 அடி, 3.645 டிஎம்சி கொள்ளளவு. சென்னைக்குக் குடிநீர் தருவதும் இதுதான், அடையாற்றில் வெள்ளம் விடுவதும் இதுதான்.

நவம்பர் நடுவில் ஏரி 22 அடியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இன்னும் ஒன்றரை மாத சீசன் பாக்கி. 'இயல்பைவிட அதிகம்' என்ற கணிப்பை நம்பி தண்ணீரைத் திறந்துவிட்டு இடம் ஒதுக்கினால், அதன் பிறகு மழை வராமல் போனால், அடுத்த கோடையில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நிற்பவர்கள் அந்தப் பொறியாளரைத்தான் திட்டுவார்கள். நிரப்பி வைத்துவிட்டு ஒரே இரவில் கொட்டினால், அடையாற்றங்கரை மூழ்கும். 2015 டிசம்பர் 1 இரவு நடந்தது அதுதான். தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. மழை, ஏரியில் இருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறப்பு. ஒரு டிஎம்சி என்பது விநாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடும் தண்ணீர். 29,000 கன அடி ஒரு நாள் நீடித்தால் இரண்டரை டிஎம்சி, முழு ஏரியில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல். அன்றைய நீர்த்திறப்பை சிஏஜி அறிக்கையும் பின்னர் கேள்விக்குள்ளாக்கியது.

2024-ல் இதே கேள்வி சாத்தனூருக்கு வந்தது. ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த பிறகும் நகராமல் நின்றது. புதுச்சேரியில் 46 செ.மீ. பிறகு மிச்சம் இருந்த ஈரம் கடலில் இருந்து வெகுதூரம் தள்ளி இருக்கும் கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் போய் 50 செ.மீ. கொட்டியது. சாத்தனூர் அணையில் இருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை வெளியேற்றப்பட, தென்பெண்ணை ஓரத்தில் விழுப்புரம், கடலூர் கிராமங்கள் தத்தளித்தன. அந்த ஆண்டு 'இயல்பைவிட அதிகம்' என்ற பருவகாலக் கணிப்பு பலித்தது. தமிழ்நாட்டில் 33 சதவீதம் கூடுதல் மழை. ஆனால் அந்தக் கணிப்பை அக்டோபரிலேயே படித்த ஊத்தங்கரைக்காரர் எவருக்கும் டிசம்பர் 1 இரவு என்ன நடக்கும் என்பதற்கான துப்பு அதில் இல்லை.

இடம் ஒதுக்கும் முடிவை மூன்று மாதக் கணிப்பை வைத்து எடுக்கக் கூடாது என்பது இந்த இரண்டு இரவுகளிலும் தெரிந்தது. அதற்கு வேண்டியது ஐந்து நாள், இரண்டு நாள் கணிப்பும், நீர்ப்பிடிப்புப் பகுதியில் எவ்வளவு பெய்தால் எத்தனை மணி நேரத்தில் அணைக்கு எவ்வளவு வரும் என்ற கணக்கும்தான். அந்தக் கணக்கு கையில் இருந்தால்தான் பொறியாளர் பகலிலேயே கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்க முடியும். இல்லையென்றால் நள்ளிரவில் மொத்தமாகத் திறக்க வேண்டி வரும், அப்போது கரையோரம் இருப்பவர்கள் தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

டெல்டாவின் கணக்கு வேற

மேட்டூரில் 120 அடி தண்ணீர் நிற்கும் ஆண்டுகளில் சம்பாவுக்கு ஆரம்பத்தில் மழையை நம்பி இருக்க வேண்டியதில்லை. ஆனால் அதே நேரம் குறுவை அறுவடை நடக்கும். நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் 17 சதவீதம் வரை ஈரப்பதம் உள்ள நெல்தான் எடுக்கப்படும். அக்டோபரில் நாலு நாள் விடாமல் தூறினால் போதும், நெல் முளைக்க ஆரம்பித்துவிடும். ஈரப்பத வரம்பை 22 சதவீதமாக உயர்த்துங்கள் என்று மாநிலம் கேட்பதும், மத்தியக் குழு வந்து நெல்லை அள்ளிப் பார்த்துவிட்டுப் போவதும் ஏறக்குறைய வருடாந்திர நிகழ்ச்சியாகிவிட்டது.

அதனால் டெல்டாக்காரருக்கு 'மொத்தம் எவ்வளவு' என்ற கேள்விக்கு இரண்டாம் இடம்தான். 'எப்போ' என்பதே முதல் கேள்வி. அக்டோபரில் கம்மியாகவும், நவம்பரில் தாராளமாகவும், மார்கழி பிறந்ததும் நின்றும்விட வேண்டும். அப்படி ஒரு கணிப்பை யாரும் தருவதில்லை. ஓரளவு நெருங்கி வருவது, வானிலை ஆய்வு மையம் ஒவ்வொரு வியாழக்கிழமையும் வெளியிடும் நான்கு வாரக் கணிப்பு. இந்தியப் பெருங்கடலில் இருந்து கிழக்கே நகர்ந்து சுமார் 30 முதல் 60 நாட்களில் பூமியைச் சுற்றிவரும் 'எம்ஜேஓ' என்ற மேகக்கூட்ட அலை நம் பக்கம் வரும்போது மழைச்சுற்றுக்கு வாய்ப்பு கூடும், விலகினால் இடைவெளி விழும். அறுப்பு மிஷினை எந்த வாரம் அழைப்பது என்பதற்கு இதுவாவது உதவும். பயிர்க் காப்பீட்டுக்கு வழக்கமாக நவம்பர் 15 தான் கடைசி நாள் என்பதால், மழை எப்படி என்று பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம் என்று காத்திருக்கவும் முடியாது.

தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களுக்கு இந்த மூன்று மாதமும் வேலை இல்லாத காலம். அவர்களைப் பொறுத்தவரை நல்ல சீசன் என்பது சீக்கிரம் முடியும் சீசன்.

அப்போ கணிப்பை நம்பலாமா, கூடாதா?

எந்தக் கேள்விக்கு எந்தக் கணிப்பு என்று பிரித்துப் பார்த்தால் நம்பலாம். அக்டோபர் தொடக்க அறிக்கை, மாநில அளவில் நீர் இருப்பையும் நிவாரண ஏற்பாட்டையும் திட்டமிடுபவர்களுக்கானது. விதைப்புக்கும் அறுப்புக்கும் வாரக் கணிப்பு. காரை மேம்பாலத்தில் ஏற்றி நிறுத்தலாமா என்பதற்கு இரண்டு, மூன்று நாள் எச்சரிக்கை. ஆபீசில் இருந்து இப்போ கிளம்பலாமா என்பதற்கு மூன்று மணி நேரக் கணிப்பும் ரேடார் படமும்.

கடைசி வகையும் சறுக்கும். 2021 டிசம்பர் 30 மதியம் சென்னையில் எவரும் எதிர்பாராத கனமழை. எச்சரிக்கை வருவதற்குள் அண்ணா சாலை ஸ்தம்பித்துவிட்டது. கணிக்கத் தவறியதை வானிலை மையமே ஒப்புக்கொண்டது, முதல்வர் மத்திய அரசுக்குக் கடிதம் எழுதினார். ரமணன் டிவியில் வந்தாலே ஸ்கூல் லீவு என்று மீம் போட்ட காலத்தைவிட ரேடாரும் செயற்கைக்கோளும் கம்ப்யூட்டரும் எவ்வளவோ முன்னேறிவிட்டன. புயலின் பாதையைச் சொல்வதில் அந்த முன்னேற்றம் நன்றாகவே தெரிகிறது. ஒரே இடத்தில் நின்று கொட்டும் மழையின் அளவைச் சொல்வதில் இன்னும் அவ்வளவாகத் தெரியவில்லை.

டிசம்பர் 31-ல் முடியாத மழை

முன்பு சொன்ன காலண்டர் சிக்கலுக்கு வருவோம். வடகிழக்கு பருவமழையின் கணக்கு டிசம்பர் 31-ல் மூடப்படும். அதற்கு மறுநாள் பெய்வது ஏட்டில் 'குளிர்கால மழை'. ஆனால் சம்பா அறுவடை தையில்தான். மேட்டூர் அணை மூடப்படும் வழக்கமான தேதியே ஜனவரி 28.

2021 ஜனவரியில் பொங்கலை ஒட்டி டெல்டாவிலும் தென் மாவட்டங்களிலும் பெய்த மழையில் அறுவடைக்கு நின்ற நெற்கதிர்கள் சாய்ந்து, தண்ணீரில் கிடந்து முளைத்தன. அந்த மழை முந்தைய அக்டோபரில் வந்த கணிப்பிலும் இல்லை, டிசம்பர் இறுதியில் 'இயல்பான பருவமழை' என்று மூடிய கணக்கிலும் இல்லை. வயலில் இறங்கிக் கணக்கெடுத்தவர்கள் வருவாய்த் துறையினரும் வேளாண் துறையினரும்தான்.